பதினொரு நிமிடம்

வை. செங்கமலம் எழுதியது ஐந்து நாவல்.
ஐந்தையும் நான் வாசித்தது
வட்டகொடை ஸ்டேஷனில், சரக்கு அறையில்,
மரக்கறி மூட்டைகளுக்கு நடுவே.
இரண்டாவது புத்தகத்தில் லீக்ஸ் வாசம் இன்னும் போகவில்லை.

ஒன்றுக்கொன்று ஒட்டில்லாத கதைகள் என்றுதான்
ஏழு வருடமாக நினைத்திருந்தேன்.
தோட்டம் வேறு, ஆட்கள் வேறு.
ஒரு கதையின் நாய்கூட
மறுகதையின் லயத்துப் பக்கம் போகாது.
முன்னுரையில் அவர் நன்றி சொன்னதும்
அச்சுக் கோத்தவருக்கு மட்டும்.

போன மாசியில் மண் சரிந்து
பாதை மூடிக் கிடந்த வாரம்,
செய்ய வேலையில்லாமல் முதலிலிருந்து தொடங்கினேன்.

'ஈரச்சாக்கு' நாவலில் காளிமுத்து
கொட்டகலை ஸ்டேஷனுக்கு ஓடி வருகிறான்.
வண்டி நாலு நாற்பத்தொன்றுக்குப் போயிருக்க வேண்டும்.
கடிகாரத்தில் நாலு ஐம்பத்திரண்டு.
வண்டி அப்போதுதான் வருகிறது. ஏறிவிடுகிறான்.
மீதி முந்நூறு பக்கமும் கொழும்பு.

இரண்டாவதில் ரெங்கம்மா
தலவாக்கலை மேடையில் நிற்கிறாள்.
நாலு பதினேழு வண்டிக்கு
நாலு இருபத்தேழு வரை பொறுத்துப் பார்த்துவிட்டு
சேலையை உதறிக்கொண்டு போய்விடுகிறாள்.
அடுத்த அத்தியாயத்தின் முதல் வரி:
"வண்டி வந்தபோது நாலு இருபத்தெட்டு. மேடையில் ஒரு காகம்."

வேறு யாராவது தாண்டிப் போயிருப்பார்கள்.
எனக்கு நிமிடத்துக்குத்தான் சம்பளம்.
கழித்துப் பார்த்தேன். இரண்டிலும் பதினொன்று.
இரண்டிலும் தூரத்தில் தப்புச் சத்தம், பங்குனி உத்திரம்.
இரண்டிலும் மாவு றாத்தல் எழுபது சதம்.
ஒரே வருடம், ஒரே நாள், ஒரே வண்டி.

உடம்பு சில்லிட்டது. கதவைச் சாத்தினேன்.

மூன்றாவதில் கார்ட் ஜான்ஸுக்கு அரைப் பக்கம்தான்.
பச்சைக் கொடியில் சிவப்பு நூல் தையல் போட்டவர்.
ஏட்டில் எழுதுகிறார்:
தாமதம் பதினொன்று. காரணம் மூடுபனி.
அன்றைக்கு எங்கே மூடுபனி?
காளிமுத்து ஓடிவந்த வானம்
கழுவிக் கவிழ்த்த பீங்கான் என்று
செங்கமலமே எழுதியிருக்கிறார்.

நாலாவதில் கார்டுக்குப் பெயரில்லை. நேரமும் இல்லை.
கிரேட் வெஸ்டர்ன் தாண்டிய வளைவில்
தண்டவாளத்தின்மேல் ஒரு பையன்.
எழும்புகிற எண்ணமில்லை அவனுக்கு.
கார்ட் இறங்கி வந்து பக்கத்தில் உட்காருகிறார்.
ஈரம் என்று கொடியை விரித்துக்கொள்கிறார்.
பச்சைக் கொடி, சிவப்புத் தையல்.
பிளாஸ்க்கில் இருந்து வெறுந்தேத்தண்ணி,
மூடியில் அவனுக்கு, கோப்பையில் தனக்கு.
எதுவும் கேட்கவில்லை.
வண்டி நிறைய ஜனம் ஜன்னலால் ஏச
இருவரும் குடித்து முடிக்கிறார்கள்.

ஐந்தாவதில் ரெயிலே கிடையாது.
ராகலையில் ஒரு தேத்தண்ணிக் கடைக்காரர்,
கடை பூட்டும்போது தினமும் இரண்டு ஊற்றுவார்.
ஒன்றைக் குடிப்பார். மற்றது ஆறும்.
ஏன் என்று நாவலில் ஒரு வரி இல்லை.
ஓரத்தில் நான் முன்பு எழுதியிருந்தேன்:
"மனைவி?"
எச்சில் தொட்டுத் தேய்த்து அழித்தேன்.
தாள் கொஞ்சம் கிழிந்தது.

ரெங்கம்மாவை நினைத்தால்தான் பொறுக்கவில்லை.
ஒரு நிமிடம் நின்றிருந்தால் அவள் கதை வேறு.
அந்தப் பையன் எழும்பி நடந்ததற்கு
கொடுத்தவள் அவள்.
அவனுக்கும் தெரியாது, அவளுக்கும் தெரியாது.

ஸ்டேஷன் மாஸ்டர் திலகசிரி
"என்ன கணக்கு?" என்று எட்டிப் பார்த்தார்.
தமிழ் வாசிக்கத் தெரியாத மனுஷன்,
கடைசிவரை கேட்டார்.
"அந்த கார்டுக்கு வேலை போச்சா?"
எந்த நாவலிலும் இல்லை என்றேன்.
"பொய் ரிப்போர்ட், போயிருக்கும்" என்று
கவலையோடு தாடையைச் சொறிந்தார்.

வெள்ளிக்கிழமை பாதை திறந்தது.
முதல் வண்டி எட்டு நிமிடம் பிந்தி வந்தது.
கார்ட் சின்னப் பையன்.
கொடியைப் பார்த்தேன். புத்தம்புது நைலோன்.
காரணம் கேட்டேன்.
தோளைக் குலுக்கிவிட்டு விசில் அடித்தான்.

ஏட்டில் எட்டு என்று போட்டேன்.
பக்கத்துக் கட்டம்
இன்னும் வெறுமையாக இருக்கிறது.