விழாத பென்சில்

அனுமதிச் சீட்டை இயந்திரம்தான் துப்புகிறது,
யார் முகத்தையும் பார்க்காமல்.
எனக்கு வந்தது: வெள்ளையர்.
ஆப்ரிக்கு வந்தது: வெள்ளையர் அல்லாதோர்.
வாசலில் நின்ற பெண், சட்டையில் ரெஃபிலோவே என்று பெயர்,
"சும்மா ஓர் அனுபவத்துக்குத்தான் அம்மா" என்றாள்.
எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.
அடக்க அடக்கப் பொங்கியது.
பின்னால் பள்ளிப் பிள்ளைகள்
வரிசை கலைந்து எட்டிப் பார்த்தார்கள்.
ஆப்ரி சிரிக்கவில்லை.
சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்,
மாத்திரை அட்டையில் காலாவதித் தேதி தேடுகிறவனைப் போல.

இரண்டு வாசல். நடுவே கம்பிவலை.
வலைக்கு அப்பால் அவன் தொப்பி தெரிந்தது,
பிறகு தெரியவில்லை.

கேப் டவுனில் ஓர் அலுவலகம், இரண்டாம் மாடி.
குமாஸ்தாவின் காதோரம் சவரச் சோப்பு காய்ந்திருந்தது.
அது ஏன் இன்னும் நினைவில் இருக்கிறதோ.
பென்சிலை ஆப்ரியின் முடிக்குள் செருகி
"ஆட்டு" என்றார்.
விழுந்தது.
பலகைத் தரையில் உருண்டு
என் செருப்பில் வந்து முட்டியது.
நான்தான் எடுத்துக் கொடுத்தேன்.
அதையே என் தலையில் செருகினார்.
ஆட்டினேன். குனிந்து ஆட்டினேன்.
கைப்பையை இறுக்கிக்கொண்டு அம்மா
"இன்னும் பலமா, வெர்னா" என்றாள்.

விழவில்லை.

ஒரே வயிறு, ஒரே சீப்பு.
அவனுக்கு ஒரு காகிதம், எனக்கு வேறொன்று.

கப்பலில் வந்த முப்பாட்டன் விலைபோன மாதம்
செப்டம்பர். அதுவே எங்கள் குடும்பப் பெயர்.
ஆப்ரி அதைப் பாதியில் ஒடித்து
செடன் ஆனான். ஜோஹன்னஸ்பர்க் போனான்.

ஒருமுறை ஊருக்கு வந்தவனை
சால்ட் ரிவர் நிலையத்தில் கண்டேன்.
பக்கத்தில் வைக்கோல் நிறக் கூந்தலோடு ஒருத்தி.
என் கையில் ஸ்நூக் மீன் பொட்டலம், ஒழுகிக்கொண்டு.
என்னைப் பார்த்தான்.
உடனே கைக்கடிகாரத்தைப் பார்த்தான்.
கையில் கடிகாரம் இல்லை.

அம்மா செத்தபோது
அனுப்பியவர் பெயரில்லாத மணியார்டர் வந்தது.
நான் பூ வாங்கவில்லை.
கூரைக்குத் தகரம் வாங்கினேன்.
மழை பெய்யும்போதெல்லாம் அது பேசும்.

வெள்ளையர் வழி சீக்கிரம் முடிந்துவிட்டது.
அவன் வர நேரமானது.
கூடத்தில் ஒரு மரப்பெஞ்சு,
முதுகில் எழுத்து: வெள்ளையருக்கு மட்டும்.
பதினெட்டு மணிநேரம் பேருந்தில் வந்த முழங்கால் கெஞ்சியது.
உட்காரப் போனேன்.
"காட்சிப் பொருள், தொடக்கூடாது" என்றான் காவலன், பணிவாக.
அன்றைக்கும் அதைத்தான் சொன்னார்கள், பணிவில்லாமல்.
நின்றேன்.

ஆப்ரி வந்தான். தொப்பி கையில்.
முடி கொட்டிவிட்டது அவனுக்கு;
இன்றைக்கு எந்தப் பென்சிலும் நிற்காது.
எனக்கு இன்னும் அடர்த்திதான், நரைத்திருந்தாலும்.
"அந்தப் பக்கம்..." என்று ஆரம்பித்தான்.
முடிக்கட்டும் என்று காத்திருந்தேன்.
மூக்கைச் சிந்தினான்.
மன்னித்தேனா என்று கேட்டால்
தெரியாது என்பேன்.
அவன் கேட்கவில்லை.

வெளிவாசலில் வருகைப் பதிவேடு.
பெயர், குடும்பப் பெயர், ஊர்.
நூலில் கட்டிய பென்சில்.
ஆப்ரி என்று எழுதினான். பழைய கையெழுத்து,
வால் மட்டும் நீளம்.
அடுத்த கட்டத்தில் முனையை ஊன்றி
அப்படியே நின்றான். ஒரு புள்ளி விழுந்து கறுத்தது.
எந்தப் பெயரையும் நான் எடுத்துக் கொடுக்கவில்லை.
ஒருமுறை எடுத்துக் கொடுத்தது போதும்.

கை நழுவியது.
பென்சில் தரையைத் தொடவில்லை,
நூலில் தொங்கி ஆடியது.
இங்கும் அங்கும்.
இருவரும் அதையே பார்த்துக்கொண்டு நின்றோம்.

"முடிஞ்சுதா?" என்றது
பின்னால் ஒரு குழந்தைக் குரல்.
"எங்க டீச்சர் திட்டுவாங்க."