உடைப்பு மேசை

குஞ்சுகள் லாரி ஏறிப் போன பிறகு
மிச்சத் தட்டுகள் என் மேசைக்கு வரும்.
பொரியாதவை. நூற்றுக்கு எட்டு, ஒன்பது.
ஜன்னலுக்கு வெளியே பொங்கலூர்க் காற்றாலைகள்,
உள்ளே பார்மலின் நெடி.
ஓட்டைத் தட்டிப் பிரிக்க வேண்டும்,
எந்த நாளில் நின்றது என்று பார்த்து எழுத வேண்டும்.
அவ்வளவுதான் வேலை.

ரத்த வளையம்: மூன்றாம் நாள்.
கறுத்த கண்: ஐந்து.
இறகு முளைத்தது: பன்னிரண்டு.
அலகைக் காற்றறைக்குள் நீட்டியபடி நின்றது: இருபது.
இதற்கு மட்டும் பேனா கொஞ்சம் தயங்கும்.

சூப்பர்வைசர் நாச்சிமுத்து கதவோரம் நின்று
"எத்தன பர்சென்ட்டுங்க?" என்பார்.
அவருக்கு நாள் வேண்டாம்.

முதல் நாளிலேயே நின்றதைக் கண்டுபிடிப்பதுதான் கஷ்டம்.
மஞ்சள் கருவின் தலையில் ஒரு வெள்ளைப் பொட்டு,
கொஞ்சம் அகன்றிருக்கும், அவ்வளவே.
உடுமலைக் கல்லூரியில் சாயமேற்றிய கண்ணாடித் துண்டில்
அந்தப் பொட்டை ஒரு மாதம் பார்த்திருக்கிறேன்.
நடுவில் ஒரு சால் ஓடும்.
ஏருமில்லை, மாடுமில்லை,
செல்கள் தாமாக ஓரத்தில் கூடிச் சாலுக்குள் இறங்கும்.

முந்தி இறங்கியவை அடியில் போய்ப் படுத்துக்கொள்ளும்:
அகப்படலம். குடலும் ஈரலும் நுரையீரலின் உள்வழியும்
அங்கேதான் சுருண்டிருக்கின்றன.
பிந்தி வந்தவை இடையில் புகுந்து பரவும்:
நடுப்படலம். எலும்பு, ரத்தம், சிறுநீரகம்,
நாளை யாரோ ஒருவர் தட்டில் லெக் பீஸ் ஆகிற சதை,
ஓட ரத்தம் சேரும் முன்பே துடித்துப் பழகும் இதயம்.
இறங்காமல் மேலேயே நின்றுவிட்டவை புறப்படலம்.
தோல், இறகு, நகம்.
மூளையும்.

மூளையுமா?
நனைகிற தோலும்
நனைந்ததை நினைத்துக்கொள்வதும்
ஒரே துணியா?

தண்டபாணி திருப்பூரில் கட்டிங் மாஸ்டர்.
எண்பது மடி பனியன் துணியை அடுக்கி
ஒரே இறக்கில் முன்பக்கம், பின்பக்கம், கை எடுப்பார்.
"மூணே மடி, கத்தியே இல்லையா?" என்று சிரித்தார்.
"மடிச்சு மடிச்சே எல்லாம் ஆயிருங்க" என்றேன்.
"வேஸ்ட் எத்தன போகும்?"
"விரல் இடுக்குல கொஞ்சம்."
முதலில் கை ஒரு துடுப்புதான்.
இடையில் இருப்பவை செத்துக் கொடுத்தால்தான்
விரலுக்கு விரல் வழி.

இன்னொன்றும் சொன்னேன்,
அவர் பாதித் தூக்கத்தில் இருந்தார்.
மூளை உள்ளிருந்து ஒரு மொட்டை நீட்டும்.
அது தொட்ட இடத்தில் தோல் உள்வாங்கி
தெளிந்து, லென்ஸ் ஆகும்.
அப்புறம் வாய்.
மேல்படலமும் அடிப்படலமும்
தரகர் இல்லாமல் நேருக்கு நேர் ஒட்டும் ஓரிடம் உண்டு.
அங்கேதான் கிழிந்து திறக்கிறது.
பசியும் பேச்சும் அந்தக் கிழிசல் வழி.

போன ஐப்பசியில்
பல்லடம் ஆஸ்பத்திரி நர்ஸ் என் கையைப் பிடித்து
"ஆரம்பத்துலயே போயிருச்சு கண்ணு" என்றாள்.
எந்த நாள் என்று கேட்டேன்.
அதையெல்லாம் பார்க்க மாட்டோம் என்றாள்.
தினம் முந்நூறு முட்டைக்கு நாள் எழுதுகிறவள் நான்.
அந்தச் சீட்டில் தேதி இருந்தது,
நாள் இல்லை.

இன்றைக்கு எனக்கு
இரண்டு நாள் தள்ளியிருக்கிறது.
யாரிடமும் சொல்லவில்லை. கணக்கு மட்டும் போட்டேன்.
பதினாறு.
இருக்கிறதென்றால் இப்போதுதான் சால் ஓடும்.
நான் தட்டு மாற்றுகிற நேரத்தில், டீ குடிக்கிற நேரத்தில்
யார் மேலே நிற்பது, யார் இறங்குவது என்று
ஓசையில்லாமல் ஒரு கூட்டம் பிரிந்துகொண்டிருக்கும்.
நான் எதையும் பிடித்து நகர்த்த முடியாது.
இதயத்துக்கு இன்னும் ஆறு நாள்.

கடைசித் தட்டை முடித்துவிட்டு
நாச்சிமுத்துவிடம் போனேன்.
"பார்மலின் ரூமுக்கு வேற ஆளப் போடுங்க.
இந்த மேசையும் வேண்டாமுங்க."
நிமிர்ந்து பார்த்தார்.
"எத்தன நாளைக்குங்க?"

பதில் சொல்லாமல்
கையுறையை உருவினேன்.
வியர்வையில் ஒட்டிக்கொண்டிருந்த விரல்கள்
ஒவ்வொன்றாகத் தனித்தனியே வந்தன.