செவ்வாய்க்கிழமை ரொட்டி

எல் ஆல்ட்டோவில் விடிகாலை நான்கு மணிக்கு
மாவை எடை போடுகிறேன்.
உருண்டைக்கு அறுபது கிராம்.
முதல் மாதம் தராசு சொன்னது, கை கேட்டது.
இப்போது கை சொல்கிறது,
தராசு தலையாட்டுகிறது.

எட்டு மணிக்குக் கீழே, லா பாஸ் நகரத்தில்,
கணித வகுப்பு.
இரண்டுக்கும் நடுவே ஒரு கம்பி.
கம்பியில் தொங்கும் சிவப்புப் பெட்டிக்குள்
பத்து நிமிடம் எனக்குச் சொந்தம்.
முழங்கால்தான் மேசை.
எதிரே கோழிக்குஞ்சுக் கூடையோடு ஒரு பெண்,
அவள் குஞ்சுகளை எண்ணுவாள்,
நான் இரண்டு கணக்குப் போடுவேன்.
காற்று பலமாக அடித்தால் பெட்டி நடுவானில் நிற்கும்.
அன்றைக்கு மூன்று.
புயலுக்கு வேண்டிக்கொள்ளும் ஒருத்தி
இந்த மலையில் நான்தான்.

சுவரில் என் அட்டவணை.
ரொட்டிக்குப் பழுப்பு, வகுப்புக்கு நீலம்,
துணி துவைக்க, அக்காவோடு பேச மஞ்சள்,
தூக்கத்துக்குப் பச்சை.
பச்சை என்று எழுதியது என் பிழை.
எல்லாரும் வந்து மேய்ந்தார்கள்.
வியாழனுக்குள் மொட்டைத் தரை.

ரோஸ்மெரி என் அறைத்தோழி.
பல்கலைக்கழக ஊர்வலத்துக்கு ஆடப் பழகுகிறாள்,
மாடிப்படி ஏறும்போதே பூட்ஸில் மணி கேட்கும்.
"தெல்ஃபினா, ஒரே ஒரு ஞாயிறு வா."
நான் பேசாமல் அட்டவணையைக் காட்டினேன்.
வெகுநேரம் பார்த்தாள்.
பிறகு கேட்டாள்:
"சாப்பாடு எந்த நிறம்?"

ஆற்றில் போட்டாலும் அளந்து போடுகிறவள் நான்.
சாப்பாட்டை அளக்க மறந்திருந்தேன்.

இடைத்தேர்வு நாள்.
பெட்டிக்குள் ஏறினேன், நோட்டைத் திறந்தேன்,
அவ்வளவுதான் நினைவு.
கீழ் நிலையத்தில் என்னை எழுப்ப வேண்டிய பையன்
என் முகத்தைப் பார்த்தானாம்,
கதவைச் சாத்தி அனுப்பிவிட்டானாம்.
மேலே போனேன். கீழே வந்தேன்.
மறுபடி மேலே.
நகரத்துக்கு மேல் நான்கு முறை
ஒரு காசும் கொடுக்காமல் தூங்கியிருக்கிறேன்.
"நீங்கள் சிரித்துக்கொண்டே தூங்கினீர்கள்" என்றான்,
அதுவே காரணம் என்பதுபோல.
திட்ட வாய் திறந்தேன்.
கொட்டாவிதான் வந்தது.

சதுக்கத்தில், நாடாளுமன்றத்தின் நெற்றியில்,
அந்தக் கடிகாரம் இடப்பக்கமாகச் சுற்றும்.
வெளியூர்க்காரர்கள் சிரித்துப் படம் எடுப்பார்கள்.
நான் புறாக்களுக்கு நடுவே நின்று கணக்குப் பார்த்தேன்.
எந்தப் பக்கம் சுற்றினாலும்
தேர்வு முடிந்துதான் இருந்தது.

பேராசிரியர் வியேகாஸ் பூஜ்யத்தை
அழகாகப் போடுவார்,
தொடங்கிய இடத்திலேயே முடியும்படி.

அன்று மாலை அடுப்பங்கரையில்
தோன் ஃபாஸ்தோவிடம் சொன்னேன்,
இனிச் செவ்வாய் வரமாட்டேன்.
மூன்று வார்த்தை.
பதினான்கு மாதமாகத் தொண்டையில் புளித்த மாவு.
"செவ்வாயும் ஜனங்களுக்குப் பசிக்குமே" என்றார்.
"பசிக்கும். எனக்கும்."
அவர் மாவுக் கையால் தலையைச் சொறிந்தார்.
சம்பளத்தில் ஆறில் ஒரு பங்கு போயிற்று.
அக்காவிடம் இன்னும் சொல்லவில்லை.

முதல் செவ்வாய்.
மூன்றரைக்கே விழித்துவிட்டேன்.
உடம்புக்கு யார் போய்ச் சொல்வது?
படிக்கலாம் என்று எழுந்தேன், படிக்கவில்லை.
தூங்கலாம் என்று படுத்தேன், அதுவும் இல்லை.
ரோஸ்மெரியின் பூட்ஸ் கட்டிலடியில் கிடந்தது,
ஒரு மணியை விரலால் மெல்லத் தட்டினேன்.
தெருநாய்கள் முறைவைத்துக் குரைத்தன.
அந்த நேரத்துக்கு என்னிடம் நிறம் இல்லை.

விடிந்ததும் இறங்கிப் போய்
எங்கள் கடை வரிசையிலேயே நின்றேன்,
வாங்குகிறவளாக.
புதுப் பெண் ஒருத்தி, பழகாத கை,
சுடச்சுட ஒன்றைக் காகிதத்தில் சுற்றிக் கொடுத்தாள்.

கையில் வாங்கியதுமே தெரிந்துவிட்டது,
ஐந்து கிராம் குறைவு.

ஒன்றும் சொல்லவில்லை.
நடைபாதையில் நின்று பிய்த்தேன்.
மேல்வாய் சுட்டது.