இரண்டு கதவு, ஒரு சோபா

பக்கத்துக்கு மூன்று சிரிப்பு,
அதுதான் கணக்கு என்றார்கள் வடபழனியில்.
நாலாவது வந்தால் கொசுறு என்றேன்.
யாரும் சிரிக்கவில்லை.
வேலை கிடைத்துவிட்டது.

பகலில் மஞ்சக்குப்பம் கலெக்டர் ஆபீஸ்,
பட்டா மாறுதல்.
இரவில் ஒரு கூடம், இரண்டு கதவு, ஒரு சோபா.
யார் எந்தக் கதவில் நுழைந்தாலும்
மற்றவர்கள் தப்பாகப் புரிந்துகொள்ள வேண்டும்.
பத்து வருஷம் சொச்சம்
அந்தக் குடும்பத்தில் ஒருவரும்
இன்னொருவரைச் சரியாகப் புரிந்துகொள்ளாமல்
பார்த்துக்கொண்டேன்.

விடிகாலை நாலே கால் வண்டி.
திருப்பாதிரிப்புலியூர் ஸ்டாண்டில்
கண்டக்டர் தேசிங்கிடம் காக்கி உறையை நீட்டுவேன்,
அந்த வாரத்துக் கலவரம் உள்ளே.
ஒரே ஒருமுறை கேட்டார்:
"மாமனாரு நெசமாவே பீரோவுக்குள்ளயா தூங்குனாரு?"
ஆமாம் என்றேன்.
"பாவம்" என்று விசிலடித்தார்.

சட்டையில் கறை கூடாது, சோப்புக் கம்பெனி பணம்.
கடன்காரன் வரலாம், தொகையைச் சொல்லக்கூடாது.
மழை கூடாது.
மழைக்கு ஜன்னல் வேண்டும், ஜன்னலுக்குத் தச்சன் வேண்டும்.
தானே புயலில் என் வீட்டுக் கூரைத் தகடு
அடுத்த தெருவில் கிடந்த இரவும்
மெழுகுவத்தியில் எழுதி முடித்தேன்,
அவர்கள் வீட்டில் நல்ல வெயில்.

இனி ரெஜினா.

முதுநகரில் எங்கள் நாடகக் குழுவில் இருந்தவள்.
நான்தான் கூட்டிப்போனேன்.
மாடிவீட்டு அபரஞ்சி வேஷம், வாரம் இரண்டு காட்சி.
ஆறாவது மாதம்
திரும்பிப் போகப் பஸ் காசு கேட்டாள்.
சம்பளமில்லை, பஸ் காசு.
மேனேஜர் என்னைப் பார்த்தார்.
நான் பேனாவைப் பார்த்தேன்.
"அபரஞ்சிக்கு மூட்டுவலியாம், இனிமே கீழ வரமாட்டாளாம்."
ஒரு வரி.
பக்கத்துக்கு மூன்றில் அதுவும் ஒன்றாக எண்ணப்பட்டது.

அப்புறம் எல்லோரும்
அண்ணாந்து பார்த்துப் பேசினார்கள்.
மேலிருந்து பதிலுக்கு 'டொக்'.
பலகையில் கொட்டாங்குச்சி தட்டும் பையனுக்கு
டீயும் இருபது ரூபாயும்.
ஊரே அந்த டொக்குக்குச் சிரித்தது.
எனக்கு ஒரு கேடயம்கூடக் கொடுத்தார்கள்.
துறைமுகத்து ஐஸ் கம்பெனியில்
பில் போட்டுக்கொண்டிருந்தாள் அவள்.

தொடர் நின்றது. நானும் ஓய்வு பெற்றேன்.
ஒரு நாடகம் எழுதினேன்: கதவில்லை, சோபா இல்லை.
ஒரு மாடிப்படி.
ஒரு பெண் ஒன்றரை மணி நேரம் இறங்குகிறாள், அவ்வளவுதான்.
கையெழுத்துப் பிரதியோடு ஐஸ் கம்பெனிக்குப் போனேன்.
படிக்கவில்லை.
"எத்தினி படி?" என்றாள்.
பதினொன்று.
"கைப்பிடி வையி.
இப்ப எனக்கு நெசமாவே மூட்டுவலி."

மஞ்சக்குப்பத்தில் ஒரு கல்யாண மண்டபம், வாடகையில் பாதி கடன்.
முப்பத்துநாலு பேர்.
அதில் ஏழு பேர் மழைக்கு ஒதுங்கியவர்கள்.
மழை அன்று இலவசமாக வந்திருந்தது,
தகரத்தில் விழுந்து
பாதி வசனத்தைத் தின்றது.
கடைசி வரிசையில் தேசிங்கு தூங்கினார்.

ஏழாவது படியில் நின்றாள்.
அங்கே நிற்பதாக நான் எழுதவில்லை.
திரைக்குப் பின்னால் என்னைத் தேடிப் பிடித்தாள் கண்ணால்.
"பஸ் காசு" என்றாள்.

சிரித்தார்கள்.
மழைக்கு ஒதுங்கியவர்கள்தான் அதிகம் சிரித்தார்கள்.
என் கை, பழக்கதோஷம்,
ஓரத்தில் ஒரு கோடு போட்டது: சிரிப்பு ஒன்று.
அதற்குப் பிறகுதான் முகம் சுட்டது.

அவள் மீதி நாலு படியையும்
அவசரமில்லாமல் இறங்கி முடித்தாள்.

ஸ்டாப்பிங் வரை குடை பிடித்துப் போனேன்.
ஐந்நூறு ரூபாய்த் தாள்,
பையில் நனைந்து ஒட்டிக்கொண்டதைப்
பிரித்து நீட்டினேன்.
முதுநகர் டவுன் பஸ் வந்து நின்றது.
"பொம்பளைங்களுக்கு இப்ப ஃப்ரீய்யா"
என்று ஏறிக்கொண்டாள்.