நாலரைப் பரப்பு

அச்செழுவில் காலை எட்டரை.
துளைகோலைச் செம்பாட்டில் நட்டு முறுக்குகிறேன்.
ஒரு முழம். இரண்டு முழம்.
நனைத்த செங்கட்டி நிறத்தில்
மண் ஏறி ஏறி வருகிறது.
ஆறடியிலும் கல் தட்டவில்லை.
கோல் முடிந்துவிட்டது, மண் முடியவில்லை.

நான் தக்காணத்தில் படித்தவள்.
அங்கே எரிமலைக் குழம்பு ஆறிக் கறுத்த பாறை,
அது உதிர்ந்த கரிசல்.
பங்குனியில் வெடித்து என் பேனையை விழுங்கிற்று,
ஆடி மழைக்கு வாயை மூடிக்கொண்டது.
இந்த மண்ணுக்கு அப்படி ஒளிக்கத் தெரியாது.
ஊற்றிய தண்ணீரை உடனே கீழே சொல்லிவிடும்.
போட்ட உரத்தையும்.

"சாதகத்துக்குப் போலப் பொருத்தம் பாக்கிறியளோ பிள்ளை?"
வேலியோரம் நின்று கேட்கிறார் அருந்தவநாயகி.
படிவத்திலும் அந்தச் சொல்தான்:
வெங்காயம், பொருத்தம். புகையிலை, பொருத்தம்.
நெல், இல்லை.
"நெல்லு வராதெண்டு எங்கட மாடும் சொல்லும்."

ஒன்பது பரப்பு. அக்காவுக்கும் தம்பிக்கும் சரிபாதி.
போன கிழமைதான் நூல் பிடித்துக் கல் நட்டார்கள்.
தம்பி பேர்கனில். வீடியோவில் பார்த்துக்கொண்டிருந்து
"எந்தப் பக்கமெண்டாலும் சரி அக்கா" என்றாராம்.
தெற்கு அவருக்கு. கிணறு பொது.

தெற்கில் இறக்குகிறேன்.
ஒரு சாண். ணங்.
நாலு எட்டுத் தள்ளி, ணங்.
வேம்படியில் ஒன்றரை முழம் போய்
அங்கும் ணங்.
கோல் நுனியில் ஒட்டிய வெள்ளைத் துணுக்கில்
அமிலம் ஒரு சொட்டு விட்டேன்.
சீறி நுரைத்தது.
எத்தனையோ கோடி வருசத்துக்கு முந்திய கடல்,
சிப்பியும் முருகையுமாய்ச் செத்து இறுகியது,
மேலே சமதரை போலக் கிடக்கிறது,
கீழே மேடும் கிடங்குமாய்.

நிமிர்ந்து பார்த்தேன்.
அவர் என்னைப் பார்க்கவில்லை,
கோலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.
"அந்தப் பக்கம் மாட்டுக்கு முளை இறங்காது," என்றார்.
"சின்னனிலேயே தெரியும்."
கொஞ்சம் பொறுத்து,
"அவன் முளை அடிச்சதில்லை."

படிவத்தில் ஆழத்துக்குக் கட்டம் உண்டு.
இரண்டு எண்களையும் எழுதினேன்.
யாருக்குத் தெரியும், எப்போதிருந்து தெரியும்
என்பதற்குக் கட்டமில்லை.

வெளிக்கிடும்போது ஒரு பிடி வெங்காயம் தந்தார்,
தாளோடு, மண்ணோடு.
வேண்டாமென்று சொல்ல வாயெடுத்தேன்.
சைக்கிள் கூடையில் ஏற்கெனவே வைத்துவிட்டார்.
புத்தூர்ச் சந்தி வரை
ஒவ்வொரு கிடங்கிலும்
மண் கொஞ்சம் கொஞ்சமாய் உதிர்ந்தது.