இருபத்தேழாவது அலை

ஆமர் வீதி ஷெட்டுக்கு இன்னும் நூற்றுப் பதினாறு வண்டி.
என் முன்கண்ணாடியில் சோக்கட்டியால் எழுதிய 117
நேற்றைய தூறலில் கடைசி ஏழை இழந்து
இப்போது 11.
நம்ப எனக்கும் ஆசைதான்.

ஓட்டோவின் பின்சீட்டில் காலை மடக்கிக்கொண்டு
ஃபோனில் கோபுரம் கட்டுகிறேன்.
டவுன்லோட் ஒன்றும் வேண்டாம் அண்ணே,
பிரவுசரில் திறந்தால் போதும் என்று
லிங்க் அனுப்பியவன் பின்னால் நிற்கிற பஸ்மில்.
வாப்பாவின் வண்டிக்கு அவன் இரவுக் காவல்.
பகலில் வாப்பா வந்து காவல் மாறுவார்,
வண்டி மட்டும் வீட்டுக்குப் போகாது.

பாதை ஒன்றே ஒன்று.
இடப்பக்கம் நுழைந்து மூன்று முறை வளைந்து
வலது மூலையில் ஒரு வாசல்.
உருண்டை உருண்டையாய் வரிசை குலையாமல் வருகிறார்கள்.
முந்துகிறவன் இல்லை,
ஹோர்ன் அடிக்கிறவன் இல்லை,
பொலிசில் மச்சான் இருக்கிறான் என்று
குறுக்கே நுழைகிறவனும் இல்லை.
அம்புக் கோபுரம் ஐம்பது காசு.
பீரங்கி நூற்றிருபது.
பனிக் கோபுரம் யாரையும் கொல்லாது,
நடையை மட்டும் தளர்த்தும்.
நான் அதைத்தான் அதிகம் கட்டுகிறேன்.
கொல்லத் தேவையில்லை,
காக்கவைத்தால் போதும் என்பது
இந்த ஊரில் யாருக்குத் தெரியாது?

பன்னிரண்டாவது அலையில் ஒரு சத்தம்:
‘பவுசர் எனவாலு!’
முன்வண்டி நளக சறத்தை இறுக்கிக்கொண்டு குதித்தான்.
கொலன்னாவையில் இருந்து கிளம்பி விட்டதாம்,
மருதானையைத் தாண்டி விட்டதாம்.
வீதி முழுக்க ஆட்கள் எழும்பி நின்றோம்.
வந்தது.
தண்ணீர் பவுசர்.
முகம் கழுவிக்கொண்டோம்.

மெற்றில்டாவின் மெசேஜ்: கேஸும் முடிஞ்சுது.
பதிலுக்கு ஒரு கட்டைவிரல் போட்டேன்.
அது சரியில்லை என்று பிறகுதான் பட்டது.

கரண்ட் போன நேரம்
கூரைகளுக்கு மேலே தாமரைக் கோபுரம்
மொட்டுக் கருத்து நிற்கிறது.
எத்தனை காசுக்குக் கட்டினார்கள்,
எந்த அலைக்கு எதிராக?
இவ்வளவு உயரத்தில் நின்று
ஒரு நுளம்பைக்கூடச் சுட்டதில்லை.

ஒன்று சாய்ந்தால் எட்டுக் காசு சிந்தும்.
இரண்டு நாளாய்ப் பொறுக்குகிறேன்,
இன்றுதான் யோசித்தேன்.
இவர்கள் ஏன் காசோடு வருகிறார்கள்?
கத்தி இல்லை, கல் இல்லை,
கையில் எட்டுக் காசு,
முன்னால் ஒரு வாசல்.

இருபத்தேழாவது அலை.
பற்றரி நான்கு வீதம்.
எல்லாம் சாய்ந்த பிறகு ஒன்று மிச்சம்.
தலைக்கு மேல் உயிர்க்கோடு நூல் மாதிரி,
பனியில் நனைந்து நீலமாகி
மூன்றாவது வளைவில் அரைந்து அரைந்து வருகிறது.
வாசலோரத்தில் என் பீரங்கி
வாயைத் திருப்பிக்கொண்டிருந்தது.

பீரங்கியைத் தொட்டேன்.
‘விற்க’ என்று அழுத்தினேன்.
எண்பத்து நான்கு காசு தந்தார்கள், நட்டம்தான்.
உருண்டை அந்த வெறும் இடத்தைத் தாண்டி
வாசலுக்குள் போனது.
என் இருபது உயிரில் ஒன்று குறைந்தது.

‘என்ன அண்ணே, சும்மா விட்டுட்டீங்க?’
தோளுக்கு மேலால் பஸ்மில்.
வாசலுக்கு அந்தப் பக்கம் என்ன இருக்கிறதென்று
விளையாட்டில் காட்டுவதில்லை.
ஐந்து லீற்றராவது அடித்திருப்பார்கள்.

பிறகு திரை அணைந்தது.
நளகவின் வண்டி ஒரு முழம் நகர,
இறங்கி நானும் தள்ளினேன்.