அரை மில்லிமீற்றர்

மாலை ஐந்தரைக்குத் தொலைநகல் இருமத் தொடங்கும்.
முன்னரங்கு நிலவரம், ஒரு பக்கம். சில நாள் ஒன்றரை.
சிங்களத்தில் வந்ததை விமலேந்திரன் தமிழாக்குவார்.
'வழமையான எறிகணை வீச்சு' என்று எழுதி
'வழமையான' என்பதை வெட்டுவார்.
வெற்றிலை போட்டுவந்து
வெட்டியதற்கு மேலேயே மறுபடி எழுதுவார்.

எனக்குச் செய்தி வேண்டாம், தூரம் போதும்.
முகமாலையில் நானூறு மீற்றர்.
கிளாலிப் பக்கம் மாற்றமில்லை.
கிராண்ட்பாஸில், அச்சுக்கூடத்துக்கு மேல்மாடியில்,
நேற்றைய கோட்டைச் சவர அலகால் சுரண்டிவிட்டு
இன்றைய கோட்டைப் போடுவது என் வேலை.
அரை மில்லிமீற்றர்ப் பேனை.
படத்தின் அளவுப்படி
கோட்டின் தடிப்பே இருநூறு மீற்றர்.

அந்த இருநூறு மீற்றர் மைக்குள்
மண்ணணை, தலையில்லாப் பனைகள்,
சோற்றுப்பொதியோடு தவழ்ந்து போகிறவன்,
இரவில் மிதிவெடி புதைக்கிறவன்,
விடிய அதைத் தேடுகிறவன்.
கிளாலிப் பக்கமாக என் அக்காவின் கிணறு.
மூன்று மாதத்துக்கு முன் செஞ்சிலுவைக் கடிதத்தில் எழுதியிருந்தாள்:
எல்லாரும் சுகம். கப்பிக்கு எண்ணெய் விட்டாச்சு, இப்ப சத்தமில்லை.

பத்தரைக்கு ஆமர் வீதிச் சோதனைச்சாவடி.
அடையாள அட்டை, பொலிஸ் பதிவுத்துண்டு, பத்திரிகை அட்டை.
அலுவலகத்தில் வைத்தால் கரப்பான் தின்னும் என்று
மூலப்படத்தைச் சுருட்டிப் பையில் கொண்டுபோவேன்.
அன்றுதான் அதை விரிக்கச் சொன்னார்கள்.
வடக்கின் படம். இந்த நேரத்தில். என் பெயரோடு.

பொடியன். என் பெயரைப் பிழையாக வாசித்தான்.
டோர்ச்சைத் தாளில் அடித்து,
"நாகர்கோவில் கோ?" என்றான்.
காட்டினேன். கடலோரம், கோட்டின் வலது நுனி.
பெருவிரலை அதில் ஊன்றினான்.
ஊன்றியபடியே நின்றான்,
பின்னால் ஒரு ஆட்டோ ஹோர்ன் அடிக்கும்வரை.
அங்கே யார் என்று நான் கேட்கவில்லை.
எனக்கும் யாராவது இருக்கிறார்களா என்று
அவனும் கேட்கவில்லை.
"யன்ன" என்றான்.

வெள்ளவத்தை அறையில் விரித்துப் பார்த்தால்
வியர்வையில் மை இளகி
நாகர்கோவில் கடலுக்குள் இழுபட்டுக் கிடந்தது.

மறுநாள் மாலை: நாகர்கோவில், மாற்றமில்லை.
பெருவிரல் அகலம், ஆறு கிலோமீற்றர்,
அலகால் சுரண்டிக்கொண்டிருந்தேன்.
கீழிருந்து விமலேந்திரன் கூப்பிட்டார்:
"கிளாலியில இண்டைக்கு நூறு மீற்றராம். கோட்டை மாத்துவமா?"

தேவையில்லை என்றேன்.
நூறு மீற்றர் கோட்டுக்குள்ளேயே அடங்கிவிடும்.